இறங்கும் வீச்சில் கைகள் போகும் பாதை

கோல்ஃபில் நான் டிரைவரால், அதாவது தூரமாக அடிக்கும் நீண்ட மட்டையால், அடித்தால் பந்து இடப்பக்கமாகக் கிளம்பி, பிறகு வலப்பக்கம் வளைந்தோடும். பொரளையில் களனிவெளி ரயில் பாதையே ஊடறுக்கும் றோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தில் இப்படி அடிப்பது பெரிய தலைவலி.

பிடியையும் நிற்கும் விதத்தையும் மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. அப்புறம் நண்பரிடம் கைபேசியைக் கொடுத்து, இலக்குக் கோட்டின் பின்னாலிருந்து மெதுவேகத்தில் படம்பிடிக்கச் சொன்னேன். காரணம் தெளிவாகத் தெரிந்தது. மேலிருந்து இறங்கத் தொடங்கியதுமே கைகள் பந்தை நோக்கி வெளியே பாய்கின்றன. கைகள் வெளியே போனால் மட்டையின் தளம், அதாவது வீச்சில் அது சுழலும் சாய்வு, செங்குத்தாகிவிடும். மட்டையின் தலை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். பந்தில் படும் அதன் முகம் அந்தப் பாதைக்கு வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையத்தான் செய்யும்.

தளமும் கைப்பாதையும் வேறு வேறு என்பதை அங்கேதான் உணர்ந்தேன். தளத்தைத் திருத்தப் பாடுபடுவதைவிட, கைகளை வலது காற்சட்டைப் பைப்பக்கம் இறக்குவது எவ்வளவோ சுலபம். இடுப்பு திரும்பத் தொடங்கட்டும், மார்பு கொஞ்சம் பொறுக்கட்டும்.

பயிற்சிக்குப் பந்துக்குச் சற்று வெளியே மட்டையின் துணியுறையை வைத்து, அதில் படாமல் பாதி வேகத்தில் அடித்தேன். மட்டைத்தண்டு தரைக்குச் சமாந்தரமாக வரும்போது பின்னாலிருந்து பார்த்தால் மட்டையின் தலை கைகளை மறைக்க வேண்டும். இப்போது மறைக்கிறது, பந்தும் நேராகப் போகிறது.