பின் சஸ்பென்ஷன் சவாரியை எப்படி மாற்றுகிறது: உங்கள் மவுண்டன் பைக்கிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

140 மி.மீ. டிராவல் உள்ள இரண்டு மவுண்டன் பைக்குகளை ஒரே கரடுமுரடான பாதையில் ஓட்டிப் பாருங்கள். ஒன்று கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு போகும். இன்னொன்று பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஊஞ்சலாடும், பிரேக் பிடித்தால் விறைத்துக்கொள்ளும். டிராவல் என்பது சக்கரம் எவ்வளவு உயரம் மேலேறும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. எந்த வளைவில் ஏறும், செயினும் பிரேக்கும் அதை எப்படி இழுக்கும் என்பதை முடிவு செய்வது பிவட்டுகள், அதாவது ஃபிரேமின் மூட்டுகள், இருக்கும் இடம். விலைப்பட்டியலில் இது இருக்காது. ஆனால் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம்.

தேவையானவை: ஷாக்குக்கு, அதாவது பின்சக்கர அதிர்வுதாங்கிக்கு, காற்றடிக்கும் பம்ப், அளவுகோல், ஒரு நோட்டு, உதவிக்கு ஒருவர். ஷாக் காற்று நிரப்பும் வகையாக இருந்தால் எல்லாப் படிகளையும் செய்யலாம். ஸ்பிரிங் வகையென்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும்.

படி 1: பிவட்டைத் தேடுங்கள்

செயின் இருக்கும் பக்கம் உட்காருங்கள். பின் ஆக்சிலில் விரலை வைத்து, செயின்ஸ்டே (ஆக்சிலிலிருந்து முன்னால் போகும் கீழ்க் குழாய்) வழியாக கிராங்க் (பெடல் மாட்டிய கை) பக்கம் நகர்த்துங்கள்.

நடுவில் மூட்டே இல்லாமல் ஃபிரேமில் போய்ச் சேர்ந்தால் அது சிங்கிள் பிவட். கதவு கீலில் திரும்புவதுபோல, சக்கரம் ஒரே புள்ளியைச் சுற்றி வட்டமாக நகரும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் உள்ள ஆரஞ்சு நிறுவனம் பல ஆண்டுகள் இதையே செய்துவந்தது. மேலே ஷாக்கைத் தள்ளச் சின்னக் கைகள் நாலைந்து இருந்தாலும் ஏமாந்துவிடாதீர்கள். செயின்ஸ்டே மூட்டில்லாமல் நேராக ஃபிரேமில் சேர்ந்தால் சக்கரத்தின் பாதை கதவின் பாதைதான்.

ஆக்சிலுக்குச் சற்று முன்னால், செயின்ஸ்டேயிலேயே ஒரு மூட்டு தட்டுப்பட்டால் அது ஹார்ஸ்ட் லிங்க். வடிவமைத்த ஹார்ஸ்ட் லைட்னரின் பெயர்தான் அதற்கு. 1998-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் இதன் காப்புரிமையை வாங்கியது. மூட்டு ஆக்சிலைச் சுற்றியே இருந்தால், டிரெக் நிறுவனம் ஏபிபி (ஆக்டிவ் பிரேக்கிங் பிவட்) என்று அழைக்கும் வகை. பின் முக்கோணம் முழுவதும் ஒரே துண்டாக இருந்து, இரண்டு குட்டி லிங்க்குகளில் (இணைப்புக் கைகளில்) தொங்கினால் சாண்டா குரூஸின் விபிபி (விர்ச்சுவல் பிவட் பாயின்ட்), டேவ் வீகிலின் டிடபிள்யூ லிங்க், ஜயண்ட்டின் மேஸ்ட்ரோ போன்ற குடும்பம். இதில் சக்கரம் சுற்றும் மையம் ஃபிரேமில் எங்கும் கண்ணுக்குத் தெரியாது. சக்கரம் மேலேற ஏற அந்த மையமும் இடம் மாறும்.

படி 2: காற்றை இறக்கிவிட்டு கிராங்கைப் பாருங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பத்துக் கட்டுரை படிப்பதைவிட இது அதிகம் சொல்லித்தரும்.

முதலில் இப்போதைய அழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சீட்டை மெல்ல அழுத்தி அழுத்தி விட்டபடியே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஒரேயடியாக இறக்கினால் ஷாக்கின் எதிர் அறையில் (ஷாக்கை அமுங்கும் பக்கமாகத் தள்ளும் சின்னக் காற்றறையில்) காற்று தங்கி, ஷாக் உள்ளிழுத்துக்கொண்டுவிடும். இறக்கியதும் செயினைக் கேசட்டின், அதாவது பின்சக்கரப் பல்சக்கர அடுக்கின், மிகப்பெரிய பல்சக்கரத்தில் போடுங்கள். கிராங்கைப் படுக்கைவாட்டில் வைத்து, பின் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சீட்டைக் கீழே அமுக்குங்கள். உதவிக்கு வந்தவர் கிராங்கை மட்டும் பார்க்கட்டும்.

முதல்முறை நான் பார்த்தபோது, கிராங்க் கை கடிகார முள்ளைப் பின்னால் திருப்பியதுபோல மெல்ல நகர்ந்தது. யாரும் தொடவில்லை. சக்கரம் மேலேறும்போது ஆக்சிலுக்கும் கிராங்குக்கும் நடுவே தூரம் கூடுகிறது, மேல் செயின் போதாமல் கிராங்கைப் பின்னால் இழுக்கிறது. இதுதான் பெடல் கிக்பேக். கல்லில் இறங்கும்போது பாதத்தில் வரும் அந்த உதைப்பில் இதற்கும் பங்குண்டு. இப்போது செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றி மறுபடி அமுக்குங்கள். நகர்வு பொதுவாகக் குறையும்.

அப்படியானால் கிக்பேக்கே இல்லாத பைக்தான் நல்லதா? அப்படிச் சொல்லிவிட முடியாது. நீங்கள் மிதித்து வேகமெடுக்கும்போது எடை பின்னால் சாய்ந்து ஷாக் அமுங்கப் பார்க்கிறது. அதே செயின் இழுப்புதான் அதை எதிர்த்து நிற்கிறது. இதற்குப் பெயர் ஆன்டி-ஸ்குவாட். 100 சதவீதம் என்றால் இரண்டும் சமம், மிதித்தாலும் பின்பகுதி ஆடாது. அதைவிட நிறையக் கூடினால் கல் நிறைந்த ஏற்றத்தில் மிதிக்கும்போது சஸ்பென்ஷன் இறுகி, ஒவ்வொரு கல்லும் காலுக்கு வரும். மிகக் குறைந்தால் மிதித்த சக்தியில் ஒரு பங்கு ஷாக்கை ஆட்டுவதில் போய்விடும்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி ஹை பிவட். முதன்மைப் பிவட்டை, அதாவது பின்பகுதி ஃபிரேமோடு சேரும் மூட்டை, நன்றாக மேலே ஏற்றி, செயினை அதன் அருகே ஒரு சின்ன உருளை வழியாக விடுவார்கள். சக்கரம் மேலே மட்டுமல்ல, பின்னாலும் ஒதுங்குவதால் செங்குத்தான கல் விளிம்பில் வேகம் செத்துப்போகாது. கிராங்கும் அவ்வளவாக இழுபடாது. கொமன்சாலின் சுப்ரீம் டவுன்ஹில் பைக் இந்த வகை.

படி 3: லெவரேஜ் ரேஷியோவை (ஷாக் அமுங்குவதைப் போல எத்தனை மடங்கு சக்கரம் நகர்கிறது என்பதை) அளந்து பாருங்கள்

ஷாக்கில் 210×55 என்று இருந்தால் 55 மி.மீ. என்பது அதன் ஸ்ட்ரோக், அதாவது ஷாக் அமுங்கும் முழுத் தூரம். சக்கர டிராவல் 140 என்றால் 140-ஐ 55-ஆல் வகுக்க 2.55. இது சராசரிதான். உண்மையில் வழிநெடுக மாறிக்கொண்டே இருக்கும்.

பைக்கை ஸ்டாண்டில் மாட்டுங்கள். காற்றில்லாத ஷாக்கின் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தை அடியில், சீலோடு ஒட்ட வைத்து, ஆக்சிலை 20 மி.மீ. தூக்கி, வளையம் நகர்ந்ததைக் குறியுங்கள். அடுத்த 20, அடுத்த 20. முதல் 20-க்கு வளையம் 6.7 மி.மீ. நகர்ந்தால் ரேஷியோ ஏறக்குறைய 3. கடைசி 20-க்கு 9 மி.மீ. என்றால் 2.2. நெம்புகோலின் நீளம் குறைந்துகொண்டே வருவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சின்னக் கல்லுக்கே ஷாக் இளகும், முடிவில் பெரிய குதியலையும் தாங்கும். எண்கள் பெரிதாக மாறவே இல்லையென்றால் அந்த ஃபிரேமில் ஸ்பிரிங் ஷாக் போடுமுன் யோசியுங்கள். அடியில் போய் இடிக்கும். காற்று ஷாக் கடைசியில் தானாகவே இறுகும், போதாவிட்டால் உள்ளே ஸ்பேசர் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) சேர்க்கலாம்.

படி 4: பிரேக் எங்கே மாட்டியிருக்கிறது?

பின் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) முதன்மைப் பிவட்டோடு நேராக இணைந்த கையில் இருந்தால், பிரேக் பிடித்ததும் ஷாக் அமுங்கப் பார்க்கும். பைக்கின் பின்பகுதி எழும்பாமல் இருக்கும், அது நல்லதே. ஆனால் கல்மேல் சக்கரம் தத்தும், பிடிப்புக் குறையும். ஹார்ஸ்ட் லிங்க்கிலும் ஏபிபியிலும் காலிப்பர் சீட்ஸ்டே (ஆக்சிலிலிருந்து சீட் பக்கம் ஏறும் மேல் குழாய்) பக்கம் இருப்பதால், பொதுவாக பிரேக் பிடித்தபடியே சக்கரம் தாராளமாக வேலை செய்யும். புதிதாக ஓட்டுபவர்கள் இறக்கம் முழுக்க பிரேக்கை விடமாட்டார்கள். அதனால் முதல் பைக் வாங்குபவருக்கு ஆன்டி-ஸ்குவாட்டைவிட இதுவே முக்கியம் என்பது என் கருத்து.

படி 5: சாக் (sag), அதாவது நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அமுங்கும் அளவைச் சரிசெய்யுங்கள்

காற்றை மறுபடி நிரப்புங்கள். நடுநடுவே நிறுத்தி ஐந்தாறு தடவை அமுக்கினால் எதிர் அறையும் நிரம்பும். ஷாக்கில் எழுதியுள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள். ஹெல்மெட், தண்ணீர்ப் பையோடு ஏறி அசையாமல் உட்கார்ந்து, வளையத்தை அடிக்குத் தள்ளி, குதிக்காமல் இறங்குங்கள். 55 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 14 முதல் 16.5 மி.மீ. வரை நகர்ந்திருந்தால் சாக் 25-30 சதவீதம். வடிவமைத்தவர் ஆன்டி-ஸ்குவாட்டைக் கணக்குப் போட்டது பெரும்பாலும் இந்த இடத்தை மனத்தில் வைத்துத்தான். சாக் தவறினால் எவ்வளவு நல்ல வடிவமைப்பும் வேறொரு பைக்காக மாறிவிடும்.

அப்புறம் ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் மறுபடி நீளும் வேகம். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். பின்பகுதி ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை துள்ளினால் சிவப்புத் திருகை ஒரு கிளிக் மெதுவாக்கி, மறுபடி இறங்கிப் பாருங்கள்.