ஒரே ஒரு பரிவர்த்தனையிலிருந்து தொடங்குங்கள்: பிளாக்செயின் தரவை வாசிக்கும் முறை

பிளாக்செயின் என்பது பரிவர்த்தனைகளைப் பிளாக் என்ற தொகுதிகளாக அடுக்கிப் பதியும் பொதுப் பேரேடு. அதன் தரவை ஆராய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் வரைபடங்களிலிருந்தே தொடங்குகிறார்கள். அவற்றுக்கு அடியில் இருக்கும் ஒற்றைப் பரிவர்த்தனை எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று தெரியாமல் கூட்டலும் சராசரியும் போடுவதால், கணக்கு சரியாக வந்தும் அதன் பொருள் தவறாகிவிடுகிறது. ஆகவே முதல் நாளில் நிரல் எதுவும் எழுத வேண்டாம். ஒரு பரிவர்த்தனையைத் திறந்து வரி வரியாக வாசியுங்கள். இதற்கு வாலட் (பிட்காயின் போன்றவற்றை வைத்திருந்து அனுப்பும் செயலி) தேவையில்லை, பணமும் தேவையில்லை. தரவைக் காட்டுவதற்காக உங்கள் வாலட்டின் ரகசியச் சாவியைக் கேட்கும் தளம் எதுவாயினும் உடனே வெளியேறிவிடுங்கள்.

மெம்பூல் ஸ்பேஸ் அல்லது பிளாக்செயர் போன்றதோர் எக்ஸ்ப்ளோரரில், அதாவது பிளாக்செயின் பதிவுகளைத் தேடிக் காட்டும் தளத்தில், பிட்காயின் வலையமைப்பின் 170ஆம் பிளாக்கைத் தேடுங்கள். 2009 ஜனவரி 12 அன்று பதிவான அந்தப் பிளாக்கில் இரண்டே பரிவர்த்தனைகள் உள்ளன. முதலாவது, பிளாக்கை உருவாக்கியவருக்குக் கிடைத்த, புதிதாக உருவான 50 பிட்காயின் வெகுமதி. இரண்டாவது, பிட்காயினை உருவாக்கிய சத்தோஷி நகமோட்டோ, அதன் தொடக்ககால நிரலாளர் ஹால் ஃபின்னிக்கு 10 பிட்காயின் அனுப்பியது. இந்த இரண்டாவதைத் திறந்தால், உள்ளீட்டுப் பகுதியில் 50 என்றும், வெளியீட்டுப் பகுதியில் 10, 40 என்று இரண்டு வரிகளும் காணப்படும். பத்து மட்டும் அனுப்ப வேண்டியவர் ஐம்பதை ஏன் எடுத்தார்? பிட்காயினில் இருப்புத் தொகை என்று தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை. முன்பு கைக்கு வந்த வெளியீட்டை, ஒரு பணத்தாளைப் போல, முழுமையாகக் கொடுத்துவிட்டு மீதியைத் திரும்பப் பெற வேண்டும். 9ஆம் பிளாக்கில் கிடைத்த 50ஐக் கொடுத்தவருக்கே அந்த 40 மீதியாகத் திரும்பியது.

வெளியீடுகளை அப்படியே கூட்டினால் 50 கைமாறியதாகத் தோன்றும். உண்மையில் கைமாறியது 10. ஒரே பரிவர்த்தனையில் ஐந்து மடங்கு பிழை வருகிறது என்றால், இலட்சக்கணக்கான வரிகளைக் கூட்டும்போது என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள். கட்டணமும் பிட்காயினில் தனியாக எழுதப்படுவதில்லை. உள்ளீட்டின் கூட்டுத்தொகையிலிருந்து வெளியீட்டின் கூட்டுத்தொகையைக் கழித்தால் கிடைப்பதே கட்டணம். இங்கே அது சுழியம்.

இக்கால வாலட்டுகள் பெரும்பாலும் மீதியைப் புதிய முகவரிக்கு (பணம் பெறும் கணக்கு எண் போன்றது) அனுப்புகின்றன. ஆதலால் புதிய முகவரி ஒன்று தோன்றியதைப் புதிய மனிதர் வந்ததாகக் கொள்ளக் கூடாது. மறுபுறம், பிட்காயின் போன்றவற்றை வாங்கி விற்க உதவும் பரிமாற்றகம் ஒன்றின் ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கானோரின் பணம் இருக்கலாம். ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து வரும் உள்ளீடுகள் ஒருவருக்கே உரியவை என்று ஊகிக்கும் வழக்கம் உண்டு. பிட்காயினை முன்மொழிந்த நகமோட்டோவின் 2008ஆம் ஆண்டு வெள்ளையறிக்கையே இதைச் சுட்டியது. ஆனால் பலர் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையை அமைக்கும் காயின்ஜாயின் முறையில் அந்த ஊகம் பொய்த்துவிடும். எனவே ஊகத்தை ஊகம் என்றே குறித்துவைப்பது, நம் முடிவை நம்பி வாசிப்பவருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை என்று கருதுகிறேன்.

எத்திரியம் என்ற மற்றொரு பிளாக்செயினில் ஒவ்வொரு கணக்குக்கும் இருப்பு உண்டு என்பதால் வாசிப்பது எளிது போலத் தோன்றும். அங்கே சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவர் மற்றொருவருக்கு டாலர் மதிப்பைப் பின்பற்றும் யுஎஸ்டிசி டோக்கன் அனுப்பிய பரிவர்த்தனையை, எத்திரியத்துக்கான எக்ஸ்ப்ளோரரான ஈதர்ஸ்கேனில் திறந்தால், பெறுநர் இடத்தில் அந்த டோக்கனை இயக்கும் நிரலான ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டின் முகவரியும், எத்திரியத்தின் சொந்த நாணயமான ஈதரின் மதிப்பு சுழியம் என்றும் இருக்கும். டோக்கன் யாருக்குப் போனது என்பது நிகழ்வுப் பதிவுகளில், டிரான்ஸ்ஃபர் என்ற பெயரில் உள்ளது. அந்த டோக்கனுக்குத் தசம இடங்கள் 6; ஆகவே பதிவில் 2500000 என்றிருப்பது 2.5 யுஎஸ்டிசி ஆகும். ஈதருக்குரிய 18 இடங்களை இதற்கும் பயன்படுத்தினால் தொகை ஏறத்தாழ மறைந்தே போகும். தோல்வியடைந்த பரிவர்த்தனைகளும் கட்டணத்தோடு பிளாக்கில் இடம்பெறுவதால், அவற்றை வடிகட்டிய பிறகே எண்ண வேண்டும்.

இவ்வளவும் கண்ணுக்குப் பழகிய பின் தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் வினவல் எழுதச் செல்லலாம். பிளாக்செயின் தரவில் இத்தகைய வினவல்களை இயக்க உதவும் டியூன் தளத்தில் பிறர் எழுதிய வினவல்களைத் திறந்து பார்க்கவும், நகலெடுத்து மாற்றவும் முடியும் என்பதால் தொடக்கத்திற்கு அதையே பரிந்துரைப்பேன். முதல் வினவல் ஒரு நாளுக்குள் அடங்கட்டும். தேதி வரம்பு இல்லாத வினவல் முழு வரலாற்றையும் தேடப் புறப்பட்டு, நேரத்தையும் இலவச ஒதுக்கீட்டையும் தின்றுவிடும். நாள் என்பது ஒருங்கிணைந்த உலக நேரப்படி தொடங்கி முடிவதையும் நினைவில் கொள்ளுங்கள். பிட்காயினில் பிந்தைய பிளாக்கின் நேரமுத்திரை முந்தையதைவிடச் சற்று முன்னதாக இருக்கவும் கூடும். வரிசைப்படுத்தப் பிளாக் எண்ணையே பயன்படுத்துங்கள்.

விடை வந்ததும் மூன்று வரிகளைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் பரிவர்த்தனை அடையாளத்தை எக்ஸ்ப்ளோரரில் இட்டு, தொகை, அனுப்புநர், பெறுநர் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மாறுபட்டாலும் வினவலைத் திருத்திவிட்டு, அதன் பிறகே தேதி வரம்பை ஒரு வாரமாக விரியுங்கள்.