அலமாரி நிறைய நோட்டு, தேடினால் கிடைப்பதில்லை: சொந்தமாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்குப் போய்க்கொண்டே ஒரு புது மொழி, கொஞ்சம் புள்ளியியல், யாப்பு, வீட்டு வயரிங் என்று விருப்பத்துக்குப் படிப்பவர்களுக்குப் பாடத்திட்டமும் இல்லை, பரீட்சையும் இல்லை. நோட்டு எழுதும் பழக்கம் மட்டும் பள்ளிக்கூடத்தில் வந்தது. அங்கே நோட்டின் ஆயுள் பரீட்சை வரைக்கும்தான். ஏப்ரலில் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். அதே பழக்கத்தோடு முப்பது, நாற்பது வயதில் எழுத ஆரம்பித்தால் இரண்டு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு நோட்டு சேர்ந்துவிடும், எதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. சொந்தப் படிப்புக்கான நோட்டைப் பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டியிருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

முதல் நாளே பாடத்துக்கு ஒரு நோட்டு

ஆறு நோட்டு வாங்கி, அட்டை போட்டு, லேபிள் ஒட்டி அடுக்குவதில் ஓர் உற்சாகம் இருக்கிறது. ஆனால் எந்தப் பாடம் உங்களிடம் நிலைக்கும் என்பது அன்றைக்குத் தெரியாது. மூன்று மாதத்தில் நான்கு நோட்டுகள் பதினைந்தாம் பக்கத்தோடு நின்றுபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு. பஸ்ஸிலோ மதிய இடைவேளையிலோ கையில் இருப்பது ஒரு நோட்டுதான். மற்றப் பாடத்துக்கான குறிப்பைத் துண்டுச் சீட்டில் எழுதுவோம். சீட்டு சட்டைப்பையோடு துவைக்கப் போய்விடும்.

ஒரே பொது நோட்டில் தொடங்குங்கள். எந்தப் பாடமானாலும் தேதி போட்டு, வருகிற வரிசையிலேயே எழுதலாம். ஒரு பாடம் அதில் இருபது பக்கத்தைத் தொட்ட பிறகு தனி நோட்டு போடுங்கள். அந்த இருபது பக்கத்தைப் புது நோட்டில் படியெடுக்க வேண்டாம். "இதற்கு முன்: நோட்டு 3, பக்கம் 12–19, 40–51" என்று முதல் பக்கத்தில் எழுதினால் போதும். நடப்பில் ஒரு பொது நோட்டும் இரண்டு தனி நோட்டும் இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஏதாவது ஒன்று நின்றுவிடும். மொழி படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: சொற்பட்டியலைத் தினமும் புரட்ட வேண்டியிருப்பதால் அதற்குத் தனி நோட்டை முதல் நாளே போடலாம்.

எண் போடாமல் எழுதுவது

நோட்டுகள் பெருகப் பெருக அதிக நஷ்டம் தருவது இதுதான். சரி செய்வதற்கு ஆகும் செலவோ பத்து நிமிடம்.

ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தன் ஆய்வக நாட்குறிப்பில் 1832 முதல் ஒவ்வொரு பத்திக்கும் தொடர் எண் போட்டார். வருடக்கணக்கில் நிறுத்தாமல் போட்டதில் எண் 16,000-ஐத் தாண்டியது. இன்று செய்த சோதனைக்கும் பல வருடம் முன்பு செய்த சோதனைக்கும் உள்ள தொடர்பை ஓர் எண்ணை எழுதியே காட்டிவிட முடிந்தது. நமக்கு அவ்வளவு நுணுக்கம் வேண்டாம். நோட்டுக்கு ஓர் எண், பக்கத்துக்கு ஓர் எண் போதும். "7-43" என்றால் ஏழாவது நோட்டு, நாற்பத்து மூன்றாம் பக்கம். இந்த விலாசத்தைப் புத்தக ஓரத்திலும் எழுதலாம், ஃபோனிலும் குறிக்கலாம், இன்னொரு நோட்டிலும் எழுதலாம்.

நோட்டு எண்ணைப் பாடவாரியாக இல்லாமல் ஒரே வரிசையில் கொண்டுபோங்கள். "மலையாளம் 2", "கணக்கு 1" என்று போனால் ஒரு பாடம் இரண்டாகப் பிரியும் அன்றைக்கே எண்கள் குழம்பிவிடும். பாடத்தின் பெயரை அட்டையில் எழுதுங்கள், எண்ணில் வேண்டாம். அலமாரியில் அடுக்கினால் முதுகுப்பக்கம்தான் கண்ணில் படும் என்பதால் எண்ணை அங்கேயும் ஒட்டுங்கள்.

பக்க எண்களை எழுதத் தொடங்கும் முன்பே கடைசிப் பக்கம் வரை போட்டுவிடுங்கள். எழுத எழுதப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் முப்பதாம் பக்கத்தில் மறந்துபோகும். 200 பக்க நோட்டில் வலப்பக்கங்களுக்கு மட்டும் 1, 3, 5 என்று போட்டால் வேலை பாதி. முன்னால் நான்கு பக்கங்களை அட்டவணைக்கு விடுங்கள். பலர் இரண்டு பக்கம் விடுகிறார்கள். பொது நோட்டுக்கு அது போதாது. அட்டவணை வரியை எழுதி முடித்த உடனேயே போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் போடலாம் என்று தள்ளினால் அந்த ஞாயிறு வராது. தலைப்பைப் பொதுவாக எழுதுவதாலும் பலன் இல்லை. "புள்ளியியல்" என்று ஐந்து இடத்தில் இருந்தால் ஐந்தையும் புரட்ட வேண்டும். "சராசரிக்கும் இடைநிலைக்கும் வித்தியாசம் – சம்பளக் கணக்கு" என்று இருந்தால் நேராகப் போகலாம்.

ஐந்தாவது நோட்டு முடியும்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது அட்டவணை தேவைப்படும். இதற்கு ஓர் 80 பக்க நோட்டு எடுத்து அகரவரிசையில் பிரியுங்கள். ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் பதினேழாம் நூற்றாண்டில் குறிப்பேடுகளுக்கு வகுத்த முறையில் சொல்லின் முதல் எழுத்தையும் முதல் உயிரொலியையும் வைத்து இடம் ஒதுக்கினார். தமிழில் எல்லா எழுத்துக்கும் சம இடம் விட்டால் பாதிப் பக்கம் வீணாகும். க, ச, த, ப, ம, வ வரிசைகளுக்குத் தலா நான்கு பக்கம் விடுங்கள். உயிரெழுத்துகளில் அ, இ, உ, எ ஆகியவற்றுக்குத் தலா இரண்டும், ந வரிசைக்கு இரண்டும் போதும். ஞ, ய வரிசைகளும், கடன்சொற்களில் மட்டும் முதலில் வரும் ட, ர, ல வரிசைகளும் ஒரே பக்கத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

புத்தகத்தைப் பார்த்துப் படியெடுப்பது

கையால் எழுதினாலே மனதில் நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. உளவியல் ஆய்வாளர்கள் முல்லர், ஓப்பன்ஹைமர் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைப் பரப்பியது. லேப்டாப்பில் குறிப்பெடுத்த மாணவர்கள் சொன்னதைச் சொன்னபடியே தட்டினார்கள், கருத்தைக் கேட்கும் கேள்விகளில் பின்தங்கினார்கள் என்றது அது. 2019-ல் வேறு ஆய்வாளர்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது கைக்கும் கீபோர்டுக்கும் உறுதியான வித்தியாசம் கிடைக்கவில்லை. வார்த்தைக்கு வார்த்தை படியெடுத்தால் பேனாவும் உங்களைக் காப்பாற்றாது.

ஒரு பகுதியைப் படியுங்கள், இரண்டு மூன்று பக்கம் போதும். புத்தகத்தை மூடுங்கள். நினைவில் இருப்பதை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். அந்த நிறத்தில் எழுதியவை எல்லாம் உங்களுக்கு நிற்காத இடங்கள். அடுத்த முறை அங்கிருந்து தொடங்கலாம். வரையறை, சூத்திரம், மேற்கோள் ஆகியவற்றை மட்டும் உள்ளபடி எழுதி, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதையும் குறியுங்கள்.

இதற்கு நேரெதிரான தவறும் இருக்கிறது: முடிவை மட்டும் எழுதிவிட்டு வந்த வழியை விட்டுவிடுவது. ராமானுஜன் காகிதத்தை மிச்சப்படுத்த ஸ்லேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றினார். அந்த நோட்டுகள் 1957-ல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தால் அப்படியே அச்சாயின. அவற்றில் இருந்தவற்றுக்கு நிரூபணங்களோடு அமெரிக்கக் கணிதவியலாளர் புரூஸ் பெர்ன்ட் வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985-ல் தொடங்கி 1998-ல்தான் முடிந்தன. நம் நோட்டுக்கு அப்படி ஒருவர் வரப்போவதில்லை.

யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், படிப்பவரின் நோட்டில் "மாமுன் நிரை, விளமுன் நேர், காய்முன் நேர்" என்ற வரி மட்டும் இருந்தால், மூன்று மாதம் கழித்து அது மந்திரம் மாதிரிதான் தெரியும். மா, விளம், காய் என்பவை சீர் வகைகள்; நேர், நிரை என்பவை அசை வகைகள். கீழே ஒரு குறளை அலகிட்டு, அதாவது சீர் சீராக அசை பிரித்து, வைத்தால் விதி எப்படி வேலை செய்கிறது என்பது தெரியும்:

அகர – நிரை நேர் – புளிமா
முதல – நிரை நேர் – புளிமா
எழுத்தெல்லாம் – நிரை நேர் நேர் – புளிமாங்காய்
ஆதி – நேர் நேர் – தேமா
பகவன் – நிரை நேர் – புளிமா
முதற்றே – நிரை நேர் – புளிமா
உலகு – பிறப்பு

"அகர" மாச்சீர், அடுத்து "முத" என்ற நிரை: சரி. "எழுத்தெல்லாம்" காய்ச்சீர், அடுத்து "ஆ" என்ற நேர்: சரி. பக்கத்தின் அடியில் இன்னொரு வரி: "இதில் விளச்சீர் இல்லை. அந்த விதிக்கு வேறு குறள் தேட வேண்டும்." இந்தக் கடைசி வரிதான் அடுத்த நாள் உட்கார்ந்ததும் எங்கே தொடங்குவது என்று சொல்லும். நோட்டில் தெரிந்ததை எழுதுபவர்கள் ஏராளம். தெரியாததை எழுதி வைப்பவர்கள்தான் வேகமாக முன்னேறுகிறார்கள்.

ஃபேர் நோட்டு மோகம்

கிறுக்கலாக இருக்கிறது என்று முழு நோட்டையும் அழகாகத் திரும்ப எழுதுவது, நாலு நிற ஹைலைட்டர் வாங்கிப் பக்கம் முழுவதும் பூசுவது. இரண்டும் படித்த திருப்தியைத் தரும், படிப்பைத் தராது. திரும்ப எழுதியே ஆக வேண்டும் என்றால் பத்துப் பக்கத்தை ஒரு பக்கமாகச் சுருக்கி எழுதுங்கள். தப்பாக எழுதியதை ஒயிட்னர் போட்டு மறைக்காமல் ஒரே கோடு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதித் தேதி போடுங்கள். எங்கே தடுமாறினீர்கள் என்பது தெரிய வேண்டும். சேர்க்கவும் திருத்தவும் இடம் இருக்க, வலப்பக்கத்தில் மட்டும் எழுதி இடப்பக்கத்தைக் காலியாக விடுவது நல்ல முறை. காகிதம் வீணாகிறதே என்று தோன்றும். ஆறு மாதத்தில் அந்த இடப்பக்கங்கள் தானாகவே நிரம்பிவிடும்.

எழுதியதைப் படித்துப் பார்த்தால் போதும் என்று நினைப்பது

உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நோட்டைப் புரட்டிப் பார்க்கும்போது "இது தெரியுமே" என்று தோன்றுவது அந்த ஐந்து நிமிட மயக்கம்.

அதனால் பக்கத்தை அமைக்கும்போதே கேள்விக்கு இடம் விட வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் சொல்லிக்கொடுத்த முறையில் இடது ஓரத்தில் இரண்டரை அங்குலம், அதாவது ஆறு செ.மீ. பட்டை ஒன்று விடப்படும். நம் கடை நோட்டுகளில் அச்சிட்ட மார்ஜின் இதற்குப் போதாது. ஸ்கேல் வைத்து இன்னொரு கோடு போடுங்கள். குறிப்பு எழுதிய அன்றோ மறுநாளோ அந்தப் பட்டையில் கேள்விகளை மட்டும் எழுதுங்கள்: "காய்ச்சீருக்குப் பின் எந்த அசை?", "'உலகு' ஏன் பிறப்பு?" பிறகு வலது பக்கத்தை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு விடை சொல்லிப் பாருங்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பக்கத்தின் மேல் மூலையில் தேதி போடுங்கள். மூலையில் தேதியே இல்லாத பக்கங்கள் தொடர்ந்து வந்தால், புதிதாக எழுதுவதை நிறுத்திவிட்டு அவற்றுக்குப் போங்கள்.

காகிதமும் மையும்

மலிவு நோட்டுகளில் காகிதம் 60 ஜிஎஸ்எம்மிற்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கீழே இருப்பது சாதாரணம். பால் பாயிண்டுக்கு அது போதும். மைப் பேனாவால் எழுதினால் பின்பக்கம் ஊறித் தெரியும். 70 முதல் 80 ஜிஎஸ்எம் பார்த்து வாங்குங்கள். கழுவினால் போகும் வகை மைகளில் ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டினாலே பக்கம் போய்விடும். பால் பாயிண்டின் எண்ணெய் மையும், நிறமித்துகள் கலந்த ஜெல் மையும் தாக்குப்பிடிக்கும். தேய்த்து அழிக்கும் ஃப்ரிக்ஷன் வகைப் பேனாக்கள் நிரந்தரக் குறிப்புக்கு ஆகவே ஆகாது. அந்த மை சூட்டில் நிறம் இழக்கும் வகை. 60 டிகிரி செல்சியஸ் அளவில் மறைந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டில் வைத்த நோட்டு வெள்ளையாகத் திரும்பி வரலாம். ஃப்ரீசரில் வைத்தால் எழுத்து மங்கலாகத் திரும்பும் என்றாலும், அதை நம்பி எழுதக்கூடாது.

நோட்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் அது இளகி அட்டையில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி நாடா போதும். செல்லோ டேப் சில வருடத்தில் பழுப்பேறிப் பசை கசியும். ஒட்ட வேண்டியதைச் சாதாரண பசையால், ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். கடைப் பில் காகிதத்தில் எழுத்து தானே மங்கிவிடும். தேவையானதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள். இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் பிடிக்கும் என்பதால் நோட்டுகளைச் சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். தரைத் தட்டில் வைக்கவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நோட்டு முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுத்து, நோட்டு எண்ணில் ஒரு ஃபோல்டராகப் போடுங்கள். பக்க எண் படத்தில் விழுகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே இருபது நோட்டு குவிந்திருந்தால்

எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகுதான் படிப்பேன் என்று உட்காருவது பெரிய தவறு. இரண்டு மாதம் அதிலேயே போய்விடும். பழைய நோட்டுகளுக்குக் கிடைத்த வரிசையிலேயே எண் போடுங்கள். கால வரிசை தேவையில்லை. பக்க எண்ணும் எல்லாப் பக்கத்துக்கும் வேண்டாம், பயன்படும் பக்கங்களுக்கு மட்டும் போடுங்கள். நோட்டுக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, இன்றைக்கும் உங்களுக்கு உதவும் என்று தோன்றும் மூன்று முதல் ஐந்து இடங்களைப் பொது அட்டவணையில் ஏற்றுங்கள். நாளுக்கு ஒரு நோட்டு என்றால் மூன்று வாரத்தில் முடியும். மூன்று இடம்கூடத் தேறாத நோட்டில் பயனுள்ள இரண்டொரு பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு, மீதியைப் பேப்பர்காரரிடம் தயங்காமல் போடலாம். பாதி காலியாக இருக்கும் நோட்டுகளைத் தூக்கிப்போட வேண்டாம். எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு, தேதி எழுதி, அடுத்த பொது நோட்டாக அதையே தொடருங்கள்.