வேதிப்பொருள் ஹார்மோனைக் குலைக்குமா என்று சோதனையா? முதலில் உங்கள் சோதனைக்குழாயைச் சோதியுங்கள்

1980களின் கடைசியில் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுநோய் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வளர்த்த முறையில், ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோனைச் சேர்த்தால்தான் அந்தச் செல்கள் பெருகும். திடீரென்று ஈஸ்ட்ரஜன் சேர்க்காத வளர்ப்புத் தட்டுகளிலும் பெருக ஆரம்பித்தன. மாதக்கணக்கில் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் சோதனைக்குழாயிலிருந்து, ஈஸ்ட்ரஜன் போல நடந்துகொள்ளும் நோனைல்பீனால் என்ற வேதிப்பொருள் கசிந்திருந்தது.

ஒரு வேதிப்பொருள் ஹார்மோனைக் குலைக்குமா என்று பார்ப்பவர்கள் அந்தப் பொருளைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். ஆய்வகத்தைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் பாட்ரிசியா ஹன்ட்டின் ஆய்வகத்தில், எதுவுமே கொடுக்காத சுண்டெலிகளின் கருமுட்டைகளில் குரோமோசோம் கோளாறு எகிறியது. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தவறான சோப்பில் கழுவியதால் பிளாஸ்டிக் அரித்து, ஈஸ்ட்ரஜன் போல நடந்துகொள்ளும் பிஸ்பீனால் ஏ வெளிவந்திருந்தது. ஒப்பிட வைத்த எலியே மருந்து குடித்துக்கொண்டிருந்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

சரி, கூண்டை மாற்றியாயிற்று. தீவனம்? எலித் தீவனத்தில் பெரும்பாலும் சோயா இருக்கும், சோயாவில் ஜெனிஸ்டீன் என்ற தாவர ஈஸ்ட்ரஜன் இருக்கும். செல் வளர்க்கும் திரவத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட் சாயமும் சுத்தமில்லை. அது ஈஸ்ட்ரஜன் போல நடந்துகொள்வது 1986-லேயே வெளிவந்த சேதி.

அப்புறம், 'பாதிப்பில்லை' என்று வரும் முடிவுகள். எனக்கு அதிகம் சந்தேகம் வருவது இவற்றில்தான். எஸ்ட்ராடயால் போல நன்கு தெரிந்த ஹார்மோனைக் கொடுத்த குழுவும் கூடவே இருக்க வேண்டும். சில எலி இனங்கள் ஈஸ்ட்ரஜனுக்கு அவ்வளவாக அசைந்துகொடுக்காது. ஹார்மோன் கொடுத்த குழுவிலும் மாற்றம் தெரியவில்லை என்றால் சோதனைதான் தோற்றது, பொருள் தேறவில்லை.

தட்டில் செய்யும் சோதனையை மட்டும் நம்புவதும் ஆபத்து. மெதாக்சிக்ளோர் என்ற பூச்சிக்கொல்லி தட்டில் ஏறக்குறைய சாது. கல்லீரல் அதை மாற்றிய பிறகு உருவாகும் பொருள்தான் ஈஸ்ட்ரஜன் வேலையைப் பலமாகச் செய்கிறது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட் வகைகள் இன்னொரு விதம். அவை, செல்லில் ஆண் ஹார்மோன் வந்து ஒட்டும் இடமான ஏற்பியில் போய் ஒட்டுவதில்லை, கருவில் இருக்கும் ஆண் எலியின் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைக்கின்றன. அதற்கான காலமும் குறுகியது, கருவின் ஏறக்குறைய 15-ஆம் நாளிலிருந்து 18-ஆம் நாள் வரை. வளர்ந்த எலிக்குக் கொடுத்துப் பார்த்தால் இந்த விளைவு கண்ணில் படாது.

கடைசியாக எண்ணிக்கை. ஒரே ஈற்றில் பிறந்த பத்துக் குட்டிகளைப் பத்து எலிகளாகக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்கள். பொருளைக் கொடுத்தது தாய்க்கு, ஆகவே கணக்கில் அது ஒன்றுதான்.