மாம்பழம் பழுப்பதை அளந்து அறிவது எப்படி: சிறிய ஆய்வகத்துக்கான வழிமுறை

தோல் மஞ்சளாகிவிட்டால் பழம் பழுத்துவிட்டது என்று எண்ணுவது நம் வழக்கம். ஆனால் சித்திரை, வைகாசியில் கோயம்பேட்டில் வாங்கி வந்த பங்கனப்பள்ளியை அறுத்துப் பார்த்தவர்களுக்கு, பளபளக்கும் மஞ்சள் தோலுக்குள் சதை வெளிறிப் புளிப்பதும், பச்சை நிறம் மாறாத இமாம்பசந்து தேனாய் இனிப்பதும் நன்றாகத் தெரியும். காய் செங்காயாகி, செங்காய் பழமாகும்போது உள்ளே நடப்பவை வேறு: மாவுச்சத்து சர்க்கரையாக உடைகிறது, அமிலம் குறைகிறது, சதையை இறுக்கமாக வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் இளகுகிறது, நிறமிகள் மாறுகின்றன. இவை எல்லாம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதால்தான் தோலின் நிறத்தை மட்டும் நம்ப முடிவதில்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரணக் கருவிகளைக் கொண்டே இந்த மாற்றங்களை நாள்வாரியாக அளக்கலாம். சென்னையில் மாணவர்களோடு பல கோடைகள் இதைச் செய்து பார்த்த அனுபவத்தில், எங்கே கவனம் தேவை என்பதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் காயைத் தேர்ந்தெடுப்பது. பியூரெட்டை (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை) தொடுவதற்கு முன்பே பாதிப் பிழைகள் நடந்துவிடுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒரு முறை அறுத்த பழத்தை மறுநாள் மீண்டும் அளக்க முடியாது. ஆகவே நாம் பின்தொடர்வது ஒரு பழத்தை அல்ல, ஒரே மாதிரியான பழங்களின் கூட்டத்தை. ஒரே தோட்டத்திலிருந்து ஒரே நாளில் பறித்து வந்த, முற்றிய, ஆனால் பழுக்கத் தொடங்காத காய்களாகப் பார்த்து 60 வாங்க வேண்டும். கலந்து கொட்டிய குவியலிலிருந்து பொறுக்கினால், நாளுக்கு நாள் வரும் வேறுபாடு பழுத்ததால் வந்ததா, வேறு மரத்துக் காய் என்பதால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வழியே இல்லை. வாங்கியதும் அனைத்தையும் ஒரு வாளித் தண்ணீரில் இட்டுப் பாருங்கள்: நன்றாக முற்றிய காய் பெரும்பாலும் மூழ்கும், முற்றாதது மிதக்கும். மிதப்பவற்றை ஒதுக்கிவிட்டு, மூழ்கியவை 60 இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மிதந்தால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் செய்தியை நம்ப வேண்டாம். அந்தச் சோதனை காட்டுவது முற்றிய நிலையை மட்டுமே.

அறுபது காய்களையும் இப்படிப் பிரிக்கலாம். வாங்கிய அன்றே 5 காய்களைச் சோதித்துவிட வேண்டும். அறை வெப்பநிலையில் வைப்பவற்றில் 2, 4, 6, 8 ஆம் நாள்களுக்கு ஐந்தைந்தாக 20. 13 டிகிரி செல்சியஸ் குளிர்பெட்டியில் வைப்பவற்றில் 4, 8, 12, 16 ஆம் நாள்களுக்கு ஐந்தைந்தாக 20. இரண்டு இடத்திலும் 5 காய்களுக்கு எண் எழுதி, அறுக்காமல் தினமும் எடை மட்டும் பார்க்க வேண்டும். மீதி 5 காய்கள், இடையில் அழுகுபவற்றுக்கு மாற்று. பழுத்த வாழைச் சீப்பையோ பப்பாளியையோ அதே அறையில் வைக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் உங்கள் காய்களின் பழுப்பை முடுக்கிவிடும்.

சோதனை நாளில் சதையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது முக்கியம். மாம்பழம் கொட்டைப் பக்கத்திலிருந்து வெளிநோக்கிப் பழுக்கிறது. தோலை ஒட்டிய சதை பின்தங்கியே இருக்கும். எனவே இரு கன்னங்களிலிருந்தும், காம்பு முதல் மூக்கு வரை நீளவாக்கில், தோலடியிலிருந்து கொட்டை வரை முழு ஆழத்துக்கும் ஒரு கீற்று வெட்டி, தோல் நீக்கி, இரண்டையும் சேர்த்து அரைக்க வேண்டும். ஐந்து பழங்களையும் ஒன்றாகக் கலந்து அரைக்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் சராசரி கிடைக்கும், ஆனால் பழத்துக்குப் பழம் உள்ள சிதறல் தெரியாமல் போய்விடும். தனித்தனியாகவே அரையுங்கள்.

வைட்டமின் சி அளவிடுவதாக இருந்தால் அதையே முதலில் செய்ய வேண்டும், ஏனென்றால் அறுத்த நொடியிலிருந்தே அது காற்றுப் பட்டு அழியத் தொடங்குகிறது. மிக்சி ஜாரில் 4 சதவீத ஆக்சாலிக் அமிலக் கரைசலை முன்கூட்டியே ஊற்றி வைத்து, 20 கிராம் சதையை எவர்சில்வர் கத்தியால் வெட்டி நேராக அதில் இட்டு அரைத்து, வடிகட்டி, அதே அமிலத்தால் 100 மி.லி. ஆக்குங்கள். 42 மி.கி. சோடியம் பைகார்பனேட்டைச் சிறிது நீரில் கரைத்து, அதில் 52 மி.கி. டைகுளோரோபீனால் இண்டோபீனால் சாயத்தைக் கரைத்து 200 மி.லி. ஆக்கினால் தரம்பார்க்கும் (அதாவது, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, செலவான அளவைக் கொண்டு கணக்கிட உதவும்) கரைசல் தயார். இந்தச் சாயம் நாள்தோறும் வலுவிழப்பதால், அளவு தெரிந்த அஸ்கார்பிக் அமிலத்தோடு ஒவ்வொரு நாளும் அதை ஒப்பிட்டாக வேண்டும். 0.5 மி.கி. அஸ்கார்பிக் அமிலத்துக்கு 3.2 மி.லி. சாயம் செலவாகிறது என்று கொள்வோம். சாற்றில் 10 மி.லி. எடுத்தால் அதில் 2 கிராம் சதை இருக்கிறது, அதற்கு 3.8 மி.லி. செலவானால், உள்ள வைட்டமின் சி 0.59 மி.கி., அதாவது 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 மி.கி. கொய்யாவில் இதைவிடப் பல மடங்கு இருப்பதால் 5 கிராம் சதையே போதும்.

அடுத்து, கரைந்த திடப்பொருளின் அளவான பிரிக்ஸ். கையடக்க ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் 20 டிகிரியில் உள்ள காய்ச்சி வடித்த நீரை விட்டுச் சுழியம் சரிபார்த்து, துடைத்து, மஸ்லின் துணியில் பிழிந்த சாற்றில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பதோடு வேலை முடிந்தது. சென்னையில் மட்டும் ஒரு கூடுதல் கவனம். இந்தக் கருவிகளின் அளவுகோல் 20 டிகிரிக்கு வகுக்கப்பட்டது. நம் ஆய்வகம் 30 டிகிரியில் இருக்கும்போது மாம்பழச் சாற்றுக்குக் கிடைக்கும் எண்ணோடு ஏறத்தாழ 0.8 சேர்க்க வேண்டும். 16.2 என்று காட்டினால் உண்மை 17.0. கருவியே வெப்பநிலையைத் திருத்திக்கொள்ளும் வகையாக இருந்தால் எதையும் சேர்க்கக் கூடாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பழத்தின் சாற்றை உடனே விடாமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். பிரிக்ஸ் என்பது சர்க்கரை மட்டுமே என்று எழுதிவிடவும் வேண்டாம்; பச்சை மாங்காய் 7, 8 என்று காட்டும்போது அதில் அமிலத்துக்கும் கணிசமான பங்கு உண்டு.

அமிலத்தை அளப்பதுதான் இந்த வேலையின் நடுநாயகம். பழத்தின் சுவையை நாக்கு உணர்வது இனிப்பும் புளிப்பும் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்பதை வைத்தே. 10 கிராம் விழுதை, கொதிக்க வைத்து ஆற்றிய காய்ச்சி வடித்த நீரில் கலந்து 100 மி.லி. ஆக்கி வடிகட்டுங்கள். கொதிக்க வைப்பது, நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடை விரட்டத்தான். அதில் 10 மி.லி. எடுத்து, காரத்தில் இளஞ்சிவப்பாக மாறும் நிறங்காட்டியான பினாப்தலீனை இரண்டு சொட்டு சேர்த்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலால் தரம்பார்க்க வேண்டும். மாம்பழத்தில் முதன்மையான அமிலம் சிட்ரிக் அமிலம் என்பதால் கணக்கில் 0.064 என்ற எண் வரும். இந்த அளவுகளுக்கு, செலவாகும் ஒவ்வொரு மி.லி.யும் 0.64 சதவீத அமிலம். 4.7 மி.லி. செலவானால் 3.0 சதவீதம், புளிக்கும் காய் அது. வாழையில் மாலிக் அமிலம் முதன்மையாக இருப்பதால் அங்கே 0.067.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பழம் நன்றாகப் பழுத்தபின் அமிலம் கால் சதவீதத்துக்கு இறங்கிவிடும். அப்போது 10 மி.லி. சாற்றுக்கு 0.4 மி.லி. மட்டுமே செலவாகும். பியூரெட்டில் அரைக் கோடு தவறினால்கூட விடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிழை வந்துவிடும். ஆகவே ஆறாம் நாளிலிருந்து 10 மி.லி.க்குப் பதில் 50 மி.லி. எடுங்கள், அப்போது 2 மி.லி. செலவாகும், ஒரு மி.லி.க்கு 0.128 சதவீதம் என்று கணக்கிடலாம். முடிவுநிலையைக் காண்பதும் பழுத்த பழத்தில் கடினம். மஞ்சள் சாற்றில் இளஞ்சிவப்பு தோன்றும்போது அது சிவப்பாகத் தெரியாது, மங்கலான ஆரஞ்சாகத்தான் தெரியும். பினாப்தலீன் சேர்க்காத அதே சாற்றை இன்னொரு கூம்புக்குடுவையில் ஊற்றி, இரண்டையும் வெள்ளை ஓட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் திரும்பும் சொட்டைப் பிடித்துவிடலாம். பி.ஹெச். மீட்டர் இருந்தால் 8.1 வரும்வரை தரம்பார்ப்பது இன்னும் நம்பகமானது.

சோடியம் ஹைட்ராக்சைடைப் பற்றி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் கடலோர ஈரக்காற்றில் அதன் வில்லைகள் தராசில் இருக்கும்போதே நீரை உறிஞ்சிப் பளபளக்கத் தொடங்கும்; 4 கிராம் என்று நாம் எடுப்பதில் ஒரு பகுதி நீர்தான். ஒரு கோடையில் நான் கரைசலை எடையை நம்பியே பயன்படுத்தி, ஒரு வாரம் முழுவதும் எடுத்த எண்களைத் தூக்கி எறிய நேர்ந்தது. அந்த வாரத்துப் பழங்களைத் திரும்பப் பெற வழியில்லை. 0.63 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகத்தை 100 மி.லி. திட்டக் குடுவையில் கரைத்தால் 0.1 நார்மல் கரைசல் கிடைக்கும். அதைக்கொண்டு சோடியம் ஹைட்ராக்சைடின் உண்மையான செறிவைச் சோதனை நாள்தோறும் காலையில் கண்டறிந்து, அந்த எண்ணையே கணக்கில் இடுங்கள்.

பிரிக்ஸை அமிலத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் பழுப்பின் நல்ல அடையாளம். காயில் 8ஐ 3.0 ஆல் வகுத்தால் 3க்கும் குறைவு. பழத்தில் 17ஐ 0.25 ஆல் வகுத்தால் 68. தோல் மஞ்சளாகியும் விகிதம் 10, 15 என்று நின்றால், அந்தக் காயை முற்றுவதற்கு முன்பே பறித்திருக்கிறார்கள், அல்லது தோல் மட்டும் நிறம் மாறும்படி அவசரப்படுத்தியிருக்கிறார்கள் என்று ஐயப்பட இடமுண்டு. ஆனால் அதைக் கார்பைடுக்குச் சான்றாக எழுதக் கூடாது. அந்த முடிவுக்கு இந்த அளவுகள் போதா. கார்பைடு வாயுவால் பழுக்க வைப்பதை நம் நாட்டின் 2011 உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடைசெய்கின்றன. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த 2016இல் அனுமதி வந்தது.

வாழையை ஆய்வதாக இருந்தால் அயோடின் சோதனையே பாதி கதையைச் சொல்லிவிடும். 1 கிராம் பொட்டாசியம் அயோடைடைச் சிறிது நீரில் கரைத்து, அதில் 0.25 கிராம் அயோடினைக் கரைத்து, 100 மி.லி. ஆக்குங்கள். குறுக்கே வெட்டிய வில்லையைச் சில நொடிகள் இதில் நனைத்தால் பச்சைக்காய் முழுவதும் கருநீலமாகும். பழுக்கப் பழுக்க நடுவிலிருந்து வெண்மை விரியும். காயில் 20 சதவீதம் போல இருந்த மாவுச்சத்து பழத்தில் ஒன்றிரண்டு சதவீதமாகக் கரைந்துவிடுவது கண்முன்னே தெரியும்.

இனி, தினமும் எடை பார்த்த பழங்களுக்கு வருவோம். அக்னி நட்சத்திர நாள்களில் பழம் வேகமாக நீரிழக்கும். 250 கிராம் காய் எட்டாம் நாளில் 225 கிராம் ஆகியிருந்தால், இழப்பு 10 சதவீதம். முதல் நாளில் வைட்டமின் சி 28 மி.கி., எட்டாம் நாளில் 30 மி.கி. என்று வந்தால் அது கூடியதாகத் தோன்றும், 30ஐ 0.9 ஆல் பெருக்கித் தொடக்க எடைக்கு மாற்றினால் 27தான், அதாவது குறைந்திருக்கிறது. பிரிக்ஸுக்கும் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சேமிப்பு ஆய்வுகளில் இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

குளிர்பெட்டிப் பழங்களை வெளியே எடுத்த அன்றே அளந்து முடித்துவிடாதீர்கள். மாம்பழம் 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் இருந்தால் குளிரால் சேதமடையும், ஆனால் சேதம் பெரும்பாலும் அறை வெப்பநிலைக்கு வந்தபிறகே வெளிப்படும்: தோலில் சாம்பல் நிறக் குழிகள், ஒரு பக்கம் இளகி மறு பக்கம் கல்லாக நிற்கும் சதை, மணமின்மை. ஐந்தில் இரண்டை உடனே அளந்து, மூன்றை மூன்று நாள் வெளியே வைத்து அளந்தால் இது பிடிபடும். கூடுதலாக நான்கைந்து காய்களை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் 4 டிகிரியில் இரண்டு வாரம் வைத்து, அதே மூன்று நாள் கழித்து விகிதத்தைப் பாருங்கள். 13 டிகிரிப் பழங்களுக்கு அருகில்கூட அது வராது.