டுரியான் முள் குத்தினால் வெள்ளையணுவை யார் கூப்பிடுகிறார்கள்?

போன சீசனில் பினாங்கின் பாலிக் பூலாவ் சாலையோரக் கடையில், பெரிய நிபுணன் மாதிரி பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், கட்டைவிரலில் முள் ஏறிவிட்டது. கடைக்கார அங்கிளுக்கு ஒரே சிரிப்பு. உங்களுக்கும் ஒருநாள் குத்தும் (வேண்டுமென்றே குத்திக்கொள்ள வேண்டாம்), அன்றைக்கு இப்படிச் செய்து பாருங்கள்.

முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முதல் சிவப்பு, தோலில் ஏற்கெனவே குடியிருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் கொட்டிய ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தால் வருவது. இரத்தக் குழாய் விரிவதால் சிவப்பும் சூடும், சுவர் கசிவதால் வீக்கம்.

அடுத்த சில மணி நேரத்தில்தான் விஷயமே இருக்கிறது. முள்ளோடு உள்ளே போன கிருமியை, கிருமி விழுங்கிகளான மேக்ரோஃபேஜ் செல்கள் கண்டுகொண்டதும் டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 என்ற சமிக்ஞைப் பொருள்களை வெளியே விடும். அவை குழாயின் உட்சுவரை ஒட்டும் தன்மை கொண்டதாக மாற்றிவிடுகின்றன. இரத்தத்தோடு வேகமாக ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு அங்கே வந்ததும் ஒட்டி ஒட்டி உருளும், இன்டர்லூக்கின்-8 பட்டதும் கெட்டியாகப் பிடித்து நிற்கும், அப்புறம் செல்களின் இடுக்கில் உடம்பை நெளித்து வெளியேறி, அந்த இன்டர்லூக்கின் எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கமாகவே நகரும். பினாங்கு லெபோ பாசார் தெருவில் வடை வாசனையை வைத்தே கடையைக் கண்டுபிடிக்கிறோமே, அதே கதைதான்.

செல்கள் இப்படி முள்ளைத் தேடி வருவதை 1882இலேயே ஒருவர் பார்த்திருக்கிறார்: மெச்னிகோஃப் என்ற விலங்கியல் அறிஞர் இத்தாலியின் மெசினாவில், கண்ணாடி போன்ற நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் பார்த்தபோது செல்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. 1908இல் நோபல் பரிசு வாங்கினார். எனக்குக் கிடைத்தது அங்கிளின் சிரிப்பு மட்டும்.

மறுநாள் கோட்டைப் பாருங்கள். சிவப்பு உள்ளே சுருங்கியிருந்தால் சரி, இன்டர்லூக்கின்-10 போன்றவை ‘போதும்’ என்று அடக்க ஆரம்பித்துவிட்டன, செத்த நியூட்ரோஃபில்களை மேக்ரோஃபேஜ்கள் விழுங்கிவிடும். கோட்டைத் தாண்டிவிட்டதா, சீழ், காய்ச்சல் இருக்கிறதா, உடனே கிளினிக். இரத்தப் பரிசோதனையில் சிஆர்பி என்று ஒன்று இருக்கும்: இன்டர்லூக்கின்-6 சொல்லிக் கல்லீரல் தயாரிப்பது, அழற்சி (இந்தச் சிவப்பு, சூடு, வீக்கம் எல்லாம் சேர்ந்தது) கூடினால் அதுவும் கூடும். டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கோடு போட்டுக் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை ஏறிய உடம்பில் நியூட்ரோஃபில் கூப்பிட்ட இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேராது, அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.