எம்.பி.ஏ. ஒப்படைகளுக்கு ஒரே ஒரு தோட்டம் போதும்

எம்.பி.ஏ. சேர நினைக்கும் நம்ம பக்கத்துத் தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, இங்கிலீஷ் கஷ்டமா?" என்றுதான். இங்கிலீஷ் போகப்போக வந்துவிடும். நேரம்தான் வராது. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணித்தியாலம். அதில் வகுப்பு 45 மணித்தியாலம் அளவில் முடிந்துவிடும், மிச்சம் 105ம் உங்கள் தலையில். நாலு பாடம் எடுத்தால் 420. ஹட்டனில் வங்கி வேலையை முடித்து, சனிக்கிழமை விடியுமுன் கண்டி பஸ்ஸைப் பிடிக்கிற ஆளுக்கு அவ்வளவு நேரம் எங்கிருந்து வரும்?

நான் கண்ட வழி இதுதான்: முதல் செமஸ்டரிலேயே ஒரு நிறுவனத்தைத் தெரிவு செய்து, கடைசி ஆய்வு வரைக்கும் அதை விடாதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் புதுக் கம்பனி தேடினால், தேடுவதிலேயே பாதி மாதம் போய்விடும். நமக்குப் பெருந்தோட்டக் கம்பனியைப் போல லேசானது வேறில்லை. கொழும்பு பங்குச் சந்தையில் பல கம்பனிகள் பதிவாகியிருக்கின்றன, வருடாந்த அறிக்கைகளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். மழைக்கு சிக்னல் போய்விடும், ஆகவே டவுனில் இருக்கும்போதே ஐந்து வருட அறிக்கையையும் போனில் ஏற்றிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: வங்கியில் வேலை செய்பவர்கள் வாடிக்கையாளரின் கணக்கு விவரத்தை ஒப்படைக்குள் கொண்டுவரவே கூடாது, பெயரை மறைத்தாலும்தான்.

முகாமைக் கணக்கீட்டை எடுங்கள். எங்கள் அம்மா கொழுந்து எடுத்தவர். தராசில் கொழுந்து ஏறியதும் சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று போக மிச்சம்தான் கணக்குத் துண்டில் விழும். அதை வைத்தே ஒரு கிலோ தேயிலையின் பறிப்புச் செலவைப் போடலாம். ஒரு ஆள் ஒரு நாளில் எடுக்கும் 18 கிலோ கொழுந்து ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ஏறக்குறைய 4 கிலோ தூளாகும். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை நாலால் வகுத்தால் 337 ரூபா 50 சதம். இங்கேயே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். கம்பனி கட்டும் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) 12 சதவீதமும் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதமும் சேர்ந்தால் 388ஐத் தாண்டும். பிறகு, அதே சம்பளத்துக்கு 15 கிலோதான் வந்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி சேருங்கள். நாட்சம்பளம் நிலையான செலவா மாறும் செலவா என்ற கேள்வி அங்கேதான் சூடுபிடிக்கும். பாடப்புத்தகத்துத் தளபாடக் கம்பனியை வைத்து அதை இவ்வளவு லேசாக விளங்கிக்கொள்ள முடியாது.

நிதிக் கணக்கீட்டில் விரிவுரையாளரைக் கவர ஒரு இடம் இருக்கிறது. தேயிலைச் செடிக்கு இலங்கைக் கணக்கீட்டு நியமமான எல்.கே.ஏ.எஸ். 16, செடியில் நிற்கும் கொழுந்துக்கு எல்.கே.ஏ.எஸ். 41. ஒரே செடிக்கு இரண்டு நியமம்! நிலம் பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1992இல் கம்பனிகளைத் தொடங்கிக் குத்தகைக்குக் கொடுத்தது, ஆகவே குத்தகைக்கான நியமம் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ். 16ம் வரும். அறிக்கையின் பின்பக்கத்துக் குறிப்புகளை வாசித்தால் மூன்றையும் காணலாம். தலைவரின் செய்தியை வாசித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

செயற்பாட்டு முகாமைத்துவத்தில் இடைஞ்சல், அதாவது வேலை முழுவதையும் தாமதிக்க வைக்கும் கட்டம், எங்கே என்று கேட்பார்கள். ஸ்டோரில் கொழுந்து வாடுவதற்கே 12 மணித்தியாலத்துக்கு மேல் போகும், மழைக் கொழுந்து என்றால் இன்னும் கூட. ரோலர், புளிக்கவைத்தல், காயவைத்தல் எல்லாம் அதற்குப் பிறகு சில மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கொழுந்து குவியும் மாதங்களில் புது ரோலர் வாங்கி என்ன பயன்? இந்த ஒரு கேள்வியை வைத்தே நாலு பக்கம் எழுதலாம்.

நிதி முகாமைத்துவத்தில் புத்தகத்திலுள்ள கழிவு வீதத்தை (வருங்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கும் வீதம்) அப்படியே எடுக்க வேண்டாம். ஐந்து வருடத்துக்குப் பிறகு வரும் ஒரு லட்சம் ரூபாவுக்கு, 10 சதவீதத்தில் இன்றைய பெறுமதி 62,092. 30 சதவீதத்தில் 26,933தான். 2022 கடைசியில் அரசாங்கம் குறுங்காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டி அந்த 30ஐ ஒட்டித்தான் நின்றது. செடியைப் பிடுங்கி மறுபடி நடும் திட்டத்துக்கு இரண்டு வீதத்திலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், கம்பனிகள் ஏன் தயங்குகின்றன என்பது தானாக விளங்கும்.

சந்தைப்படுத்தலுக்கும் மூலோபாயத்துக்கும் கொழும்பு ஏலம் இருக்கிறது. ஒரு தொழிலின் போட்டியை அளக்கும் போட்டரின் ஐந்து விசைகளில் வாங்குவோரின் பலம் என்பதற்கு ஏலத்தில் வாங்கும் ஏற்றுமதியாளர்களைக் காட்டலாம். வழங்குவோர் என்றதும் உரக் கம்பனியை மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள், தொழிற்சங்கமும் சம்பள நிர்ணய சபையும் அதே பெட்டிக்குள்தான் வரும். அரசியல் காரணிகளுக்கு 2021இல் வந்து அதே வருடம் நீங்கிய இரசாயன உரத் தடையே போதும். ஸ்வொட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) அட்டவணையில் "அர்ப்பணிப்புள்ள ஊழியர்கள்" என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள். வாசித்து வாசித்து விரிவுரையாளர்களுக்கே அலுத்துப்போயிருக்கும்.

குழு வேலையில் கொழும்புக்காரர்கள் இரவு ஒன்பதரைக்கு சூம் வைப்பார்கள். கரண்ட் போனால் நீங்கள் காணாமல் போவீர்கள், பிறகு "அவர் ஒன்றும் செய்யவில்லை" என்ற பேச்சு வரும். அதனால் முதல் நாளே கணக்குப் பகுதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எக்செல் கோப்பைத் தனியாக இருந்து செய்து, நேரத்துக்கு அனுப்பலாம். உங்கள் பெயரும் திகதியும் கோப்பிலேயே இருக்கட்டும். பழைய மாணவரின் ஒப்படையை வாங்கி மாற்றி எழுதுகிற வேலை வேண்டாம், நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் பிடித்துவிடும். அது விட்டாலும் நேரில் கேட்கும் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆய்வுக்குத் தோட்டத்தில் கேள்விக்கொத்து கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அனுமதிக் கடிதத்தை இரண்டாம் செமஸ்டரிலேயே கேளுங்கள். துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) வாய்ப்பேச்சில் வாங்கிய சம்மதம் அவர் மாற்றலாகிப் போகும்வரைதான். கடிதத்தைக் கம்பனியின் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, ஒரு பிரதியைத் துரைக்குக் கொடுங்கள். கேள்விக்கொத்தைத் தமிழில் அச்சடியுங்கள். வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் காலையில் கொடுக்க வேண்டாம், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது யாரும் மனதிலிருப்பதை எழுத மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கே போங்கள்.